கடைசி வரிசைக்குப் பின்னால்

வெற்றி ஊர்வலத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில், தன்லியின் மாதா கோயில் பேண்டுக்காரர்களைத் தேடி ராணுவ ஜீப் வந்தது. புதன்கிழமை சாயங்காலம். கோயிலுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் பதினோரு பேர் உட்கார்ந்து திருநாள் பவனிக்குப் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பிலிருந்து முதலில் வார்டு தலைவர் இறங்கினார். அவர் முகத்தைப் பார்த்ததுமே ஊதிக்கொண்டிருந்தவர்கள் வாயை எடுத்துவிட்டார்கள். அவருக்குப் பின்னால் மீசை முளைத்தும் முளைக்காத ஒரு அதிகாரி. அவருக்கும் பின்னால், தலை முழுக்க நரைத்த ஒரு கிழவர்; ராணுவ பேண்டின் மாஸ்டர்.

அதிகாரி நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். வடக்கே கையைவிட்டுப் போயிருந்த ஒரு நகரத்தை ராணுவம் திரும்பப் பிடித்துவிட்டது. பிடித்த பட்டாளம் ரங்கூனுக்கு வருகிறது. லான்மடாவில் புறப்பட்டு மகாபந்துலா ரோடு வழியாகச் சூலே பகோடா வரை ஊர்வலம். முன்னால் பேண்டு போகவேண்டும்.

"தலைநகரம் நேப்பிடோன்னாலும் ஜனங்க இருக்கிறது இங்கதானே" என்றார், யாரோ கேட்டுவிட்டதுபோல.

கிளாரினெட் வாசிக்கும் ஜுல்ஃபிகர் பாய் எழுந்து நின்றார். பேண்டில் அவர்தான் மூத்தவர். "ராணுவத்துக்கே பேண்டு உண்டே ஐயா. நாங்க கல்யாணம், கருமாதிக்கு வாசிக்கிறவங்க."

"அவங்க வேற வேலையில இருக்காங்க" என்றார் அதிகாரி.

பேண்டு மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி ஒன்பது பேரைக் கையைக் காட்டித் தேர்ந்தெடுத்தார். கடைசியாக விரல் வந்து நின்றது, மூலையில் பெரிய மேளத்தை மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்த பிரான்சிஸிடம்.

ஜீப் போனபிறகு ஜுல்ஃபிகர் பாய் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "வேற வேலைன்னா என்ன தம்பி? துப்பாக்கி. ஆள் பத்தாம பேண்டுக்காரன், சமையல்காரன் எல்லாரையும் முன்னால அனுப்பிட்டாங்களாம். திரும்பி வந்திருந்தா நம்மகிட்ட எதுக்கு வர்றாங்க?"

பிரான்சிஸ் மேளத்தின் வாரை இறுக்கினான். அவன் தம்பியும் அங்கேதான் எங்கோ இருந்தான்.

போன வருஷம் கட்டாயச் சேவைக்கு வார்டு ஆபீஸில் சீட்டுக் குலுக்கியபோது விழுந்தது பிரான்சிஸின் பெயர். அவனுக்கு முப்பத்தைந்து வயது. வயதில் ஒரு வருஷம் கூடியிருந்தால் தப்பியிருப்பான். வார்டு தலைவர் இரக்கப்படுபவர்போல, "வீட்டுக்கு ஒரு ஆள் போனா சரி, யாருன்னு நான் பார்க்க மாட்டேன்" என்றார். தம்பி அகஸ்டினுக்கு அப்போது இருபத்தொன்பது. ரங்கூனின் லத்தாவில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை கட்டுகிற வேலை. இருபது வயதில் லைன் பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு போய் விழுந்து இடது கால் முறிந்தது. அது குட்டையாகக் கூடிவிட்டது. நடக்கும்போது அந்தக் காலை ஒரு கணம் பிந்தி, குதிகாலை இழுத்துத்தான் வைப்பான்.

"இந்தக் காலைப் பார்த்தா டாக்டரே துரத்திவிட்டிருவான் அண்ணே" என்றான் அகஸ்டின். "நான் போயிட்டு ஒரு வாரத்துல வந்துடுறேன். நீ போனா குழந்தை சாராவுக்கும் அண்ணிக்கும் யாரு?"

பிரான்சிஸ் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னான். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

டாக்டர் காலைப் பார்க்கவே இல்லை. பெயரைக் கேட்டார், கண்ணில் விளக்கடித்தார், அடுத்தவனைக் கூப்பிட்டார். அதன்பிறகு பதினைந்து நாளைக்கொரு தடவை யாருடைய போனிலிருந்தாவது அகஸ்டின் பேசுவான். ஆகஸ்டு மாசம் கடைசியாகப் பேசினான். "இங்க ஒரே மழை அண்ணே. பூட்ஸ் ரெண்டும் ஒரே அளவுல குடுத்திருக்காங்க, என் கால்தான் ரெண்டு அளவு" என்று சிரித்தான். லைன் அறுந்தது. செப்டம்பர் போய், அக்டோபர் போய், கிறிஸ்துமஸும் போய்விட்டது. பிரான்சிஸ் மூன்று ஆபீஸ்களில் போய்க் கேட்டான். செத்தவர்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். அப்படியானால் இருக்கிறானா என்றால், அதற்கு வேறு ஆபீஸ் என்றார்கள்.

ஒத்திகை ரங்கூனில், சுற்றிலும் உயர்ந்த சுவர் எழுப்பிய ஒரு மைதானத்தில் நடந்தது. காலை ஆறு மணிக்கே தன்லியின் பாலத்தைக் கடந்து லாரி அவர்களைக் கொண்டுபோய் இறக்கியது. சட்டையும் கால்சட்டையும் கொடுத்தார்கள். பிரான்சிஸின் சட்டையில், நெஞ்சுக்கு மேலே பெயர்த்துணி இருந்த இடத்தில் நூல் பிரித்த தடம் செவ்வகமாகத் தெரிந்தது. துவைத்து மடித்த சட்டைதான். ஆனாலும் மண்வாடை போகவில்லை.

பேண்டு மாஸ்டரைச் சிப்பாய்கள் சயாஜி என்று கூப்பிட்டார்கள். பெரிய வாத்தியார் என்ற மரியாதை. அவர் சொல்லிக்கொடுத்தது சுருக்கமாகத்தான் இருந்தது. மேளம் விழும்போது இடது கால் விழவேண்டும். "பெ" என்றால் இடது, "ஞா" என்றால் வலது. பெ-ஞா, பெ-ஞா. மேளம் தப்பினால் பட்டாளமே தப்பும்.

"இன்னொன்று" என்றார் சயாஜி, பிரான்சிஸைத் தனியாகப் பார்த்து. "நடக்கும்போது பின்னால் திரும்பாதே. என்ன கேட்டாலும் திரும்பாதே."

"அடி தப்பும்னா சயாஜி?"

"ஆமாம். அடி தப்பும்."

வெற்றி பெற்ற பட்டாளம் மைதானத்தின் மறுகோடியில் நின்றது. நாலு நாலாகப் பதினாறு வரிசை. அறுபத்துநாலு பேர். ஒரு பட்டாளம் என்றால் இவ்வளவுதானா என்று பிரான்சிஸுக்குத் தோன்றியது. எல்லாருக்கும் புத்தம்புது உடுப்பு. யாரும் யாரோடும் பேசவில்லை. தண்ணீர்ப் பீப்பாயைக் கொண்டுவந்து வைத்தபோதுகூட, சொல்லும்வரை ஒருவரும் நகரவில்லை.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மேளத்தின் கனமும் புது வாரும் தோளை அறுத்ததில் அவனுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. இரண்டாம் நாள்தான் கேட்டது.

தும் என்று மேளம் விழுந்தது. கூடவே அறுபத்துநாலு இடது பூட்ஸ். அந்தச் சத்தம் அடங்குவதற்குள், அரைமூச்சு பிந்தி, இன்னொரு கால். விழுந்த சத்தமில்லை, இழுத்து வைத்த சத்தம். சரக்.

சுவரில் பட்டுத் திரும்புகிற எதிரொலி என்று நினைத்தான். மைதானத்தின் நடுவுக்கு வந்தபோதும் அது மாறவில்லை. சுவரோரம் திரும்பியபோதும் மாறவில்லை. தும்... சரக். தும்... சரக். மேளத்தை அடிக்கிற கையிலேயே மயிர் சிலிர்த்தது. திரும்பவேண்டும் என்று கழுத்து துடித்தது. முன்னால் கோலைப் பிடித்துக்கொண்டு போன சயாஜியின் நரைத்த பிடரியையே பார்த்தபடி நடந்தான்.

இடைவேளையில் ஜுல்ஃபிகர் பாயிடம் கேட்டான். "பின்னால ஒருத்தன் கால் பிந்துது, கேட்டீங்களா?"

"நான் ஊதுறவன் தம்பி. எனக்கு என் மூச்சுதான் கேட்கும்."

பிரான்சிஸ் நிழலில் உட்கார்ந்து, பட்டாளம் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் போய் வருவதைப் பார்த்தான். ஒவ்வொருவராக, காலை மட்டும் பார்த்தான். எல்லாக் காலும் நல்ல கால். ஒருவன்கூட நொண்டவில்லை. முகங்களையும் பார்த்தான். அகஸ்டின் அங்கே இல்லை.

கடைசியாகத் தண்ணீர் குடிக்க வந்தவன் உதடு வெடித்த ஒரு ஒல்லிப் பையன். இருபது வயதுகூட இருக்காது. பிரான்சிஸ் எழுந்து அவனருகே போனான்.

"தம்பி, உங்க பட்டாளத்துல அகஸ்டின்னு யாராவது இருந்தாங்களா? தமிழ் ஆள். இடது கால் கொஞ்சம் இழுத்து நடப்பான்."

பையன் குவளையை வாயிலிருந்து எடுக்காமல் அவனைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"நீங்கதான் பெரிய மேளமா?"

"ஆமா."

"கொஞ்சம் மெதுவா அடிங்க அண்ணா" என்றான் பையன். "அவங்களால ஈடு கொடுக்க முடியல."

"யாரால?"

"எங்களுக்குப் பின்னால வர்றவங்களால."

"உங்களுக்குப் பின்னால யாரும் இல்லையே?"

பையன் குவளையைக் கவிழ்த்து வைத்தான். விசில் ஊதியது. அவன் ஓடிப்போய்க் கடைசி வரிசையில், இடது ஓரத்தில் நின்றுகொண்டான். பிறகு அவன் பக்கம் போக பிரான்சிஸுக்கு வாய்க்கவில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தான். மகள் சாரா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். மனைவி ஜூடித் அடுப்பங்கரையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பிரான்சிஸ் மேஜை முன்னால் உட்கார்ந்து, தன்னையறியாமல் இரண்டு கை விரல்களாலும் தட்ட ஆரம்பித்தான். வலது விரல் திடமாக. இடது விரல் பிந்தி, நகத்தால் இழுத்து.

அடுப்பங்கரையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஜூடித் ஈரக்கையோடு ஓடிவந்து மாடிப்படிக் கதவைத் திறந்தாள். படியில் ஒருவரும் இல்லை. திரும்பி அவன் விரல்களைப் பார்த்தாள்.

"நீங்கதான் தட்டினீங்களா?" என்றாள். "நான் அவர்னு நினைச்சேன். கொழுந்தன் படியேறி வர்றார்னு நினைச்சேன்."

பிரான்சிஸ் எல்லாவற்றையும் சொன்னான். மறைக்க வேண்டும் என்றுதான் வந்திருந்தான், முடியவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து கேட்டாள். பையன் சொன்னதைக் கேட்டதும் கையைக் கட்டிக்கொண்டாள்.

"பைத்தியம்னு சொல்லு" என்றான் பிரான்சிஸ்.

"சொல்ல மாட்டேன்."

"நான் போயிருக்கணும் ஜூடித். சீட்டு எனக்குத்தான் விழுந்தது."

"போயிருந்தா உங்க கால் சத்தத்தை அவர் கேட்டிருப்பார்" என்றாள் அவள். கட்டியிருந்த கையைப் பிரித்து, "ஒண்ணு மட்டும் செய்யுங்க. அது அவர்தான்னா, விட்டுட்டு வந்துடாதீங்க. பின்னால தனியா விட்டுட்டு வந்துடாதீங்க" என்றாள்.

ஊர்வல நாள் காலையில் லான்மடாவ் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. நிஜமாகவே கழுவியிருந்தார்கள். தண்ணீர் லாரிகள் விடியற்காலையிலேயே ரோட்டை நனைத்துவிட்டுப் போயிருந்தன. பள்ளங்களில் நீர் தேங்கி வானம் தெரிந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஜன்னல்களைச் சாத்தி வைக்கச் சொல்லி முந்தின நாளே உத்தரவு. மாடிகளில் ஒரு துணிகூடக் காயவில்லை. மொகிங்கா நூடுல்ஸ் கடைகள் இல்லை, தட்டுவண்டிகள் இல்லை. கொடியசைக்க ஜனங்களைப் பஸ்ஸில் கொண்டுவந்து சூலேயில் நிறுத்தியிருந்தார்கள். அதுவரை இருக்கிற நீண்ட ரோட்டில் குறுக்குத் தெருவுக்கு இரண்டு துப்பாக்கிக்காரர்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

எட்டு மணிக்குச் சயாஜி கோலை உயர்த்தினார். பிரான்சிஸ் முதல் அடியை அடித்தான்.

காலியான ரோட்டில் மேளச்சத்தம் வேறு மாதிரிப் போனது. இழுத்து மூடிய இரும்புக் கதவுகளில் மோதி, சந்துகளுக்குள் ஓடி, நாலு பக்கத்திலிருந்தும் திரும்பியது. டிரம்பெட்டுகள் உற்சாகமான ஒரு நடையை ஊதின. கிளாரினெட் அதன்மேல் துள்ளியது. கேட்க ஆளில்லாத அந்தப் பாட்டு அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

இருபது முப்பது அடி போவதற்குள் அது வந்துவிட்டது. தும்... சரக்.

இன்றைக்கு அது தனியாக இல்லை. முதலில் அதன் பக்கத்தில் இன்னொரு கால் பிந்தியது. பிறகு இரண்டு, பத்து. ஒத்திகையில் அகஸ்டினின் நடை ஒன்றைத்தான் அவன் காது பிடித்திருந்தது. இப்போது எல்லாம் கேட்டது. ஊன்றுகோல் போலச் சில. வெறுங்கால் போலச் சில. முட்டியை இழுப்பதுபோல ஒன்று. அறுபத்துநாலு பூட்ஸுகளின் சீரான சத்தத்துக்குப் பின்னால், தகரக் கூரையில் கொட்டுகிற சரளைபோல, நூற்றுக்கணக்கில் கால்கள் அடித்துப் பிடித்து ஓடிவந்துகொண்டிருந்தன. மேளத்தைப் பிடிக்க முடியாமல் ஓடிவந்துகொண்டிருந்தன.

ஒரு குறுக்குத்தெரு முனையில் நாலைந்து தெருநாய்கள் உட்கார்ந்திருந்தன. பேண்டைப் பார்க்கவில்லை. பட்டாளத்தையும் பார்க்கவில்லை. பட்டாளம் முடிந்தபிறகு வருகிற வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, குரைக்காமல், ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தன. ஆள் ஆளாகக் கடந்து போகிறவர்களைப் பார்ப்பதுபோல.

லத்தாவுக்குள் நுழைந்தார்கள். அங்கே ஒரு நகைக்கடைக்கு இரும்புக் கதவு இல்லை. முகப்பு முழுக்கக் கண்ணாடி. திரும்பாதே என்றுதானே சொன்னார், கண்ணாடியைப் பார்க்காதே என்று சொல்லவில்லையே. பிரான்சிஸ் கண்ணை மட்டும் ஓட்டினான். கண்ணாடியில் பேண்டு போனது. மேளத்தோடு அவனும் போனான். பின்னால் நாலு நாலாகப் பட்டாளம். கடைசி வரிசையில் உதடு வெடித்த பையன். அவனுக்குப் பின்னால் ஈர ரோடு, ஆளில்லாமல்.

ஆனால் அந்த ரோட்டில் தேங்கியிருந்த தண்ணீர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பள்ளமும் உடைந்து உடைந்து தெறித்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை, ரோட்டின் அகலம் முழுக்க, மிதிபட்டுத் தெறித்துக்கொண்டே வந்தது.

பிரான்சிஸின் கால் மட்டும் பழக்கத்தில் நடந்தது. அந்தச் சத்தத்தினுள்ளே ஒரு சத்தத்தைத் தேடினான், கண்டுபிடித்தான். சரக். அது மற்றவற்றைவிடவும் பின்தங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பின்னால் போய்க்கொண்டிருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அகஸ்டின் அண்ணே, அண்ணே என்று பின்னால் ஓடிவருவான். கால் முறிந்தபிறகு அவன் ஓடியதில்லை. ஓட முயன்று கேட்கிற இந்தச் சத்தத்தைப் பிரான்சிஸ் கேட்டதில்லை.

கை தானாக நிதானித்தது.

அடுத்த அடியை ஒரு மூச்சு தாமதித்து அடித்தான். அதற்கடுத்ததை இன்னும் ஒரு மூச்சு. முன்னால் டிரம்பெட்டுகள் தடுமாறின. "பிரான்சிசு!" என்று பல்லைக் கடித்தபடி யாரோ சீறினார்கள். ஜுல்ஃபிகர் பாய் ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தார். அவன் முகத்தில் என்ன கண்டாரோ, துள்ளிக்கொண்டிருந்த கிளாரினெட்டை இறக்கி, நீளமாக ஒரே சுரத்தில் பிடித்தார். மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு அதேதான். ஆனால் அது இப்போது வெற்றி நடை இல்லை. பெரிய வெள்ளிக்கிழமை இறந்த இயேசுவின் சுரூபத்தைத் தூக்கிப்போகிற நடை. கல்லறைக்குப் பெட்டி போகிற நடை. தன்லியின் பேண்டுக்காரர்களுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு வரும்.

பின்னால் பட்டாளமும் நடையைக் குறைத்தது. ஒருவரும் கட்டளை கொடுக்கவில்லை. அறுபத்துநாலு பேரும் இதற்காகக் காத்திருந்தவர்கள்போலக் காலை மெல்ல வைத்தார்கள்.

சயாஜி திரும்பவில்லை. அவர் கையிலிருந்த கோல் மட்டும் மெதுவாக இறங்கி, மேளத்தோடு சேர்ந்துகொண்டது.

ஓடிவந்த கால்கள் நடக்க ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக மேளத்தோடு வந்து சேர்ந்தன. ஊன்றுகோல் சேர்ந்தது, வெறுங்கால் சேர்ந்தது. சூலேயின் பொன்கூம்பு ரோட்டுக் கோடியில் தெரிந்தபோது, கடைசியாக அதுவும் சேர்ந்தது. தும் என்பதும் சரக் என்பதும் ஒரே அடியாக விழுந்தன. பிரான்சிஸ் அழுதுகொண்டிருந்தான். துடைக்கக் கை இல்லை.

சூலேயில் மேடை போட்டிருந்தார்கள். மேடையில் தொப்பி வைத்தவர்கள். எதிரே கயிற்றுக்குப் பின்னால் வார்டு வார்டாக ஜனங்கள், கையில் காகிதக் கொடி. ஒலிபெருக்கியில் ஒரு குரல், நம் வீரர்கள் வருகிறார்கள் என்று கூவிக்கொண்டிருந்தது. ஊர்வலம் இருபத்தைந்து நிமிஷம் தாமதமாக, சவ ஊர்வலம்போல வந்து நுழைந்ததும் அந்தக் குரல் பாதியில் நின்றது. கொடிகள் இரண்டொரு தடவை அசைந்து ஓய்ந்தன.

பட்டாளம் மேடைக்கு முன்னால் வந்தது. "நில்!" என்று கட்டளை விழுந்தது. அறுபத்துநாலு பேரும் நின்றார்கள். பேண்டு நின்றது. பிரான்சிஸ் மேளக் கட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

கால்கள் நிற்கவில்லை.

இப்போது எல்லாருக்கும் கேட்டது. மேளம் இல்லாமல், பாட்டு இல்லாமல், வெறும் காலடிகள். அவை நின்றிருந்த பட்டாளத்துக்கு இடையே புகுந்து வந்தன. சிப்பாய்களின் சட்டைகள் காற்றில்லாமலே அசைந்தன. பேண்டுக்காரர்களுக்கு நடுவே குளிர்ச்சி ஒன்று நுழைந்து போனது. மழை நாளின் சேற்று வாடை. மேடையில் இருந்த பெரிய அதிகாரி சல்யூட்டுக்கு உயர்த்திய கையை இறக்க மறந்து, தன் முன்னால் இருந்த வெற்றிடத்துக்கு வெகுநேரம் சல்யூட் வைத்துக்கொண்டிருந்தார்.

பிரான்சிஸின் இடது பக்கத்தில் ஒரு கால் நின்றது. நின்றது நன்றாகத் தெரிந்தது. ஒரு மூச்சு நேரம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டளைக்காக அல்ல, பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது என்று பயந்தான்.

"அகஸ்டின்" என்றான் உதட்டுக்குள்.

குதிகால் இழுபட்டது. சரக். அது முன்னால் போனது.

கயிற்றுக்குப் பின்னால் ஒரு பெண் கொடியைக் கீழே போட்டுவிட்டு ஏதோ பெயரைச் சொல்லிக் கத்தினாள். தள்ளி நின்ற இன்னொருத்தி வேறு பெயரைக் கத்தினாள். ஜனங்கள் யாரும் சொல்லாமலே இரண்டாகப் பிளந்து வழிவிட்டார்கள். காலடிகள் அந்த வழியாகத் தெற்கே திரும்பி, ஆற்றங்கரைப் பக்கமாக இறங்கிப்போயின. கடைசிக் கால் அடங்குவதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. அதுவரை துப்பாக்கிக்காரர்கள் உட்பட ஒருவரும் அசையவில்லை.

பேண்டுக்காரர்களை ஒரு கூடாரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஜீப்பில் வந்த இளம் அதிகாரி வந்தார்.

"மேளத்தை மெதுவாக்கினது யார்?"

பிரான்சிஸ் எழுந்தான். அதற்குள் சயாஜி முன்னால் வந்துவிட்டார்.

"நான்தான் சொன்னேன்."

"எதுக்கு?"

"வீரர்கள் களைத்திருந்தார்கள்."

"அதுக்கப்புறம் வந்த சத்தம்?"

"எந்தச் சத்தம்?" என்று கேட்டார் சயாஜி.

அதிகாரி வாயைத் திறந்தார். அந்தச் சத்தம் இன்னதென்று சொல்லவேண்டுமானால் அதைக் கேட்டதாக முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். சாயங்காலம்வரை உட்காரவைத்துவிட்டு, உடுப்புகளைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். சயாஜியை மட்டும் அனுப்பவில்லை.

லாரி ஏறுமுன் பிரான்சிஸ் அவரிடம் போனான். "உங்களுக்கும் கேட்டுதா சயாஜி?"

"என் பேண்டில் பதினெட்டு பேர்" என்றார் கிழவர். "பத்து வருஷம் அவர்களுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். முதல் நாளே கேட்டது."

"அப்போ ஏன் திரும்பாதேன்னீங்க?"

"நான் ஒரு தடவை திரும்பினேன்" என்றார். என்ன பார்த்தார் என்று சொல்லவில்லை.

டி.வி.யில் ஊர்வலத்தை இரண்டு நாள் கழித்துக் காட்டினார்கள். வேறு ஏதோ பாட்டை மேலே போட்டிருந்தார்கள். அதற்கும் கால்களுக்கும் ஒட்டவில்லை. சூலே வருமுன்பே படம் முடிந்துவிட்டது. அந்த அறுபத்துநாலு பேரையும் மறுபடி வடக்கே ஏற்றிவிட்டதாகப் பேச்சு. சயாஜி என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஊர்வலத்தன்று இரவு பிரான்சிஸ் வீட்டுக்குள் நுழைந்தபோது ஜூடித் கதவருகிலேயே நின்றிருந்தாள். "வந்தாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"வந்தான். எல்லாரோடயும் சேர்ந்துட்டான். அப்புறம் போயிட்டான்."

அவள் தலையாட்டினாள். உள்ளே போய்ப் பாயை விரித்து, வெகுநேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் பங்கு ஃபாதரின் அறைக்குப் போனார்கள். அகஸ்டினுக்கு மரித்தோர் பூசை வைக்கவேண்டும், இறந்தோர் புத்தகத்தில் பெயர் எழுதவேண்டும் என்றார்கள். ராணுவத்திலிருந்து காகிதம் வந்ததா என்று ஃபாதர் கேட்கப்போகிறார், இல்லை என்றால் மறுக்கப்போகிறார் என்று பிரான்சிஸ் வழியெல்லாம் பதில்களை யோசித்துக்கொண்டு வந்திருந்தான்.

ஃபாதர் அலமாரியைத் திறந்து தடித்த புத்தகத்தை எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"தேதி?"

"தெரியாது ஃபாதர்" என்றாள் ஜூடித். "ஆகஸ்டுக்கு அப்புறம். அவ்வளவுதான் தெரியும்."

ஃபாதர் பக்கத்தைப் புரட்டினார். அந்த வாரம் எழுதிய ஏழு பெயர்கள் மேலே இருந்தன. ஏழும் ஆண்பிள்ளைகள். ஏழுக்கும் எதிரே தேதிக் கட்டம் காலியாக இருந்தது.

"பெயரை முழுசாச் சொல்லுங்க" என்றார் ஃபாதர்.

பிரான்சிஸ் சொன்னான்.